லேபிளை வெட்டுங்க, துணியைக் கொளுத்தாதீங்க

தாராவின்னு சொன்னாலே இங்க நம்மாளுங்க சிலர் மூக்கைப் பொத்துறாங்க. குப்பையாம்! அந்தக் குப்பையைத் தரம் பிரிச்சு, பழைய பிளாஸ்டிக்கை மறுபடி பொருளாக்குற இடம் சாமி அது.

லண்டன் பர்பெரி கம்பெனி 2017-18 நிதியாண்டுல 2.86 கோடி பவுண்டு பெறுமான விற்காத சரக்கை அழிச்சுது. மலிவா வித்தா பிராண்டு பேரு கெட்டுடுமாம். ஊரே காறித் துப்பின பிறகு, 2018 செப்டம்பர்ல நிறுத்துறதா அறிவிச்சாங்க.

மும்பை ஃபேஷன் ஸ்ட்ரீட்ல எக்ஸ்போர்ட் மிச்சத்தை லேபிள் வெட்டி விப்பாங்க. யாரோட மானம் போச்சு? நாலு பேர் உடுத்தினாங்க, அவ்ளோதான்.

ஐரோப்பிய யூனியனோட 2024 சட்டப்படி, விற்காத துணியைப் பெரிய கம்பெனிகள் அழிக்க 2026 ஜூலை 19 முதல் தடை. தாராவிக்காரனுக்கு இதுக்குச் சட்டமே தேவைப்படலை.

நாமளும்தான்... ஊருக்குத் துணிமூட்டை கட்டும்போது துவைச்சு, பட்டன் தைச்சுக் கொடுங்க. கிழிசலைத் தள்ளிவிடுறது தானம் இல்லை.