நாலு இதழ்க் குடும்பம்

போன வாரம் பக்கத்து வீட்டு மாமி ஒரு குப்பியோடு வந்தார். "என் நாத்தனார் வெளிநாட்டிலேர்ந்து கொடுத்தனுப்பியிருக்கா. ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையாம். பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். இதைச் சாப்பிட்டா சுகப்பிரசவம் ஆகுமாம். கொடுக்கலாமா?"

"இது என்ன செடி தெரியுமா மாமி?"

"ரோஜா வகைதானே?"

அதுதான் இல்லை! பெயரில் ரோஸ் இருந்தாலும் ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ப்ரிம்ரோஸ் என்றே ஒரு செடி இருக்கிறது. அதுவும் இதற்குச் சொந்தமில்லை. இதன் குடும்பமே தனி. சுமார் 650 வகைச் செடிகள் கொண்ட பெரிய குடும்பம்.

அடையாளம் சுலபம். பெரும்பாலும் எல்லாம் நாலு நாலாக இருக்கும். புல்லி இதழ் நாலு, பூவிதழ் நாலு, மகரந்தக் காம்பு எட்டு. வெள்ளரிப் பிஞ்சின் நுனியில் பூ ஒட்டிக்கொண்டிருக்குமே, அதேபோல இதிலும் பிஞ்சு கீழே, பூ மேலே. மகரந்தத் தூள் மெல்லிய நூலில் கோத்தாற்போல ஒட்டிக்கொண்டு வரும்.

நம் பக்கத்திலும் சொந்தக்காரர்கள் உண்டு. ஊட்டியில் ஜிமிக்கி போலத் தொங்கும் ஃப்யூஷியா ஒன்று. வயல் வரப்பில் மஞ்சள் பூப் பூக்கும் நீர்க்கிராம்பு இன்னொன்று. அதன் காய் நுனியில் நாலு புல்லி இதழும் உதிராமல் நிற்பதால் பார்ப்பதற்குக் கிராம்பு மாதிரியே இருக்கும்.

மாத்திரைக்கு எண்ணெய் தருவது வட அமெரிக்கச் செடி. சாயங்காலம் மலர்ந்து, அந்துப்பூச்சிக்கு விருந்து வைத்துவிட்டு, மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும். அதன் விதையில்தான் எண்ணெய்.

சரி, பிரசவத்துக்கு? சுகப்பிரசவம் ஆகும் என்பதற்குச் சரியான நிரூபணம் இல்லை. தோல் கரப்பானுக்கும் மார்பு வலிக்கும் பிரிட்டனில் இந்த எண்ணெய் மருந்தாகவே விற்றது. போதிய பலன் தெரியவில்லை என்று 2002-ல் அந்த உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அதிகமாகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

"டாக்டரம்மாவிடம் குப்பியைக் காட்டாமல் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்" என்றேன். மறுநாளே காட்டினார். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம்.

வரன் பார்க்கும்போது குடும்பத்தை மட்டுமா விசாரிக்கிறோம்? பையனையும் தீர விசாரிக்கிறோம் இல்லையா? பூ அழகு, பேர் அழகு எல்லாம் சரி. வாய்க்குள் போகிற பொருளையும் அப்படி விசாரியுங்கள், சகோதரிகளே!