தானியமும் கால்நடையும் ஒரே பண்ணை: மணவூர் வட்டாரச் சிறு, குறு உழவர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்: மணவூர் வட்டாரச் சிறு, குறு உழவர் மற்றும் கால்நடை வளர்ப்போர் சங்கத்தினர், மணவூர், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர்.

நகல்: வேளாண்மை இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர், திரூர் வேளாண் அறிவியல் நிலையத் தலைவர்.

பொருள்: சிறுநிலத் தானியச் சாகுபடியையும் கால்நடை வளர்ப்பையும் ஒரே திட்டமாக இணைத்து, மண்வளம் குன்றாமல் விளைச்சலைப் பெருக்க ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவர் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 95 இலட்சம் மாடுகளும், 98 இலட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளாடுகளும், 45 இலட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. இவ்விரண்டு கணக்கெடுப்புகளும் வெவ்வேறு துறைகளால் நடத்தப்பட்டு வெவ்வேறு ஏடுகளில் கிடந்தாலும், திருத்தணிக்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்ட கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் ஊர்களில் அவை குறிப்பது பெரும்பாலும் ஒரே குடும்பங்களைத்தான். ஒரு காணிக்கும் குறைவான நிலம், ஒன்றிரண்டு கறவை மாடுகள், சில ஆடுகள் என்று வாழும் அக்குடும்பங்களுக்கு விதையும் உரமும் ஓர் அலுவலகத்திலும், தடுப்பூசியும் தீவனப்புல் கரணையும் வேறோர் அலுவலகத்திலும், மேய்ச்சல் நிலம் குறித்த முடிவு மூன்றாவதோர் அலுவலகத்திலும் கிடைப்பதால், வயலுக்கும் தொழுவத்துக்கும் இடையே தலைமுறைகளாக இருந்துவந்த கொடுக்கல் வாங்கல் எந்தத் திட்டத்திலும் இடம்பெறாமல் போய்விட்டது என்பதே இம்மனுவின் அடிப்படை முறையீடு.

இச்சங்கம் வேண்டுவது, வேளாண் அறிஞர்கள் ‘வளங்குன்றாத் தீவிர வேளாண்மை’ என்று குறிப்பிடும் முறையை இவ்வட்டாரத்துக்குக் கொண்டுவருவதாகும். புதிய நிலத்தைத் திருத்தாமலும், நிலத்தடி நீரை மேலும் உறிஞ்சாமலும், இருக்கும் நிலத்திலேயே ஏக்கருக்குக் கூடுதல் தானியமும் கூடுதல் தீவனமும் எடுத்து, எடுத்த சத்தை மண்ணுக்குத் திருப்பித் தருவதே இச்சொல்லின் பொருள். வெறும் உர மூட்டைகளைக் கூட்டுவதால் கிடைக்கும் விளைச்சல் உயர்வு இதில் அடங்காது.

இம்முறை மிகக் கடுமையான சூழலில் சோதிக்கப்பட்ட இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் சவன்னா, அதாவது மரங்கள் சிதறி நிற்கும் வெப்பமண்டலப் புல்வெளிப் பகுதியாகும். நைஜீரியாவின் வடபகுதி, நைஜர், மாலி, புர்க்கினா பாசோ ஆகியவற்றில் சோளமும் கம்பும் பயிரிடும் சிறு உழவர்கள், ஓய்வாகத் தரிசு போட நிலம் போதாத அளவுக்கு மக்கள்தொகை பெருகியபோது, கால்நடையின் எருவையே நம்ப வேண்டியவர்களானார்கள். வட நைஜீரியாவின் கானோ நகரைச் சுற்றிய நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் கழுதைகளின் முதுகில் எருவை ஏற்றிச் சென்று வயலில் கொட்டி, ஆண்டுதோறும் இடைவிடாமல் பயிர் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. 1967இல் நைஜீரியாவின் இபாதானில் தொடங்கப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனமும் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே பரப்பிய தட்டைப்பயறு இரகங்கள் இருபயன் கொண்டவை: மணி மனிதருக்கு, கொடி மாட்டுக்கு. இரண்டு வரிசைத் தானியத்துக்கு நான்கு வரிசைத் தட்டைப்பயறு என்ற விகிதத்தில் விதைத்து, அறுவடைக்குப் பின் கொடியைக் காயவைத்துச் சேமித்து, கோடையில் மாட்டுக்குப் போட்டோ சந்தையில் விற்றோ பயன் பெறுகிறார்கள். புர்க்கினா பாசோவில் ‘சாய்’ என்று வழங்கும் முறையில், இறுகிப்போன நிலத்தில் ஏறத்தாழ ஒரு சாண் அகலமும் அரைச் சாண் ஆழமும் உள்ள குழிகளைக் கோடையிலேயே தோண்டி, அவற்றில் எருவை இட்டு, முதல் மழை நீர் அக்குழியிலேயே தங்கும்படி செய்து விதைக்கிறார்கள்; இதைத் திருத்திப் பரப்பிய யாக்கூபா சவதோகோ என்ற உழவருக்கு 2018இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டது.

அந்த மண்ணுக்கும் இந்த மண்ணுக்கும் கடல் இடைப்பட்டிருந்தாலும், இம்முறைகள் இவ்வட்டாரத்துக்கு அந்நியமானவை என்று கருத இடமில்லை. கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்ட உழவர்கள் பின்பற்றும் ‘குளி ராகி’ முறையும் சதுர இடைவெளியில் குழி எடுத்து, எருவிட்டு, இளநாற்றை நடும் முறைதான். அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை போட்டு, இரவுக்கிரவு பட்டியை நகர்த்தி, முழு வயலுக்கும் புழுக்கையும் சிறுநீரும் சீராகச் சேரும்படி செய்து, கிடைக்காரருக்குத் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுப்பது தமிழ் உழவர்கள் நன்கறிந்த வழக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் புலானி இடையர்களுக்கும் உழவர்களுக்கும் இடையே நிகழும் ஏற்பாடும் இதுவேயாகும். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக விட்டு, அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கப்பட்டதும், மந்தையை அழியாத மூலதனமாகக் கருதிய சமூகம் இம்மண்ணில் வாழ்ந்தது என்பதற்குச் சான்று. இராசேந்திர சோழனின் செப்பேடுகளால் பெயர்பெற்ற திருவாலங்காட்டுக்கு அருகிலேயே இன்று கிடை போட ஆள் தேடி அலைய வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

எருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இழப்பு மிகுதியாக நிகழ்வது அங்கேதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடுமாறு பரிந்துரைக்கிறது. நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை விழுக்காடு எனக் கொண்டால், 12.5 டன்னில் சுமார் 62 கிலோ தழைச்சத்து அடங்கும். இறவைக் கேழ்வரகுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்தின் அளவு ஹெக்டேருக்கு 60 கிலோ. முதலாண்டிலேயே இது முழுவதும் பயிருக்குக் கிடைத்துவிடாது என்றாலும், மறு பருவங்களுக்கும் மண்ணின் ஈரப்பிடிப்புக்கும் அது தொடர்ந்து உதவுகிறது. ஆனால் நடப்பில், தொழுவத்துத் தரை மண்ணாகவே இருப்பதால், மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியைக் கொண்ட சிறுநீர் அங்கேயே ஊறிப்போகிறது. சாணத்தில் ஒரு பகுதி வரட்டியாகிவிட, எஞ்சியது தெருவோரத்துக் குப்பைமேட்டில் நிழலின்றிக் குவிக்கப்பட்டு, சித்திரை வெயிலில் வறண்டு, ஐப்பசி அடைமழையில் கருஞ்சாறாகக் கரைந்து சாக்கடையில் கலக்கிறது. தை மாதத்தில் அந்தக் குவியலை வண்டியில் ஏற்றும்போது மேல்பகுதி வெறும் நாராகவும் அடிப்பகுதி மணலாகவும் இருப்பதை இவ்வட்டாரத்தில் யாரும் நேரில் காணலாம். மூன்றடி ஆழக் குழி, மேலே ஒரு புங்க மரத்தின் நிழலோ கீற்றுப் பந்தலோ, மழைநீர் உள்ளே இறங்காதபடி சுற்றிலும் ஒரு வரப்பு, சிறுநீர் வடிந்து சேரச் சிமெண்ட் தளமும் சிறு வாய்க்காலும் ஆகியவை இருந்தாலே இவ்விழப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். ஊரக வேலைத் திட்டப் பணிகளில் தனிநபர் மாட்டுக் கொட்டகைக்கும் உரக்குழிக்கும் ஏற்கெனவே இடம் அளிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு ஊராட்சியிலும் மாடு வைத்திருக்கும் சிறு, குறு உழவர் குடும்பங்கள் அனைத்துக்கும் தளமும் நிழலுடன் கூடிய உரக்குழியும் ஒரே பணியாக அமைத்துத் தர வேண்டும் என்பதே இச்சங்கத்தின் முதன்மையான கோரிக்கை. இதனுடன், கோடையில் கிடை போட முன்வரும் ஆட்டு மந்தையாளருக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை வழங்குவதையும் மண்வள மேம்பாட்டுச் செலவாகவே ஏற்க வேண்டும்.

எரு கிடைக்க மாட்டுக்குத் தீனி வேண்டும். நெல் வைக்கோலில் புரதம் மூன்று நான்கு விழுக்காடுதான். அதுவும் அறுவடை இயந்திரத்தால் மிதிபட்டு, உருளைக் கட்டுகளாகச் சுருட்டப்பட்டு, லாரியில் வெளியூருக்குப் போய்விடுவதால், அதே ஊரின் மாட்டுக்காரர் கோடையில் வைக்கோலை விலைக்கு வாங்க நேர்கிறது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால், அதன் புரத அளவு ஏறத்தாழ இருமடங்காகிறது என்ற எளிய நுட்பம் பாடநூல்களோடு நின்றுவிட்டது. அளவு தவறினால் மாட்டுக்கு நஞ்சாகும் என்பதால் இதைத் துண்டறிக்கையில் சொல்லிவிடாமல் ஊர் ஊராகச் செய்துகாட்ட வேண்டும். கரும்பு வெட்டும் பருவத்தில் கிடைக்கும் கொழுந்தாடையைப் பதப்படுத்திச் சேமிக்கும் குழிகள், நறுக்கும் கருவிகள், பலமுறை அறுவடை தரும் கோ எப்.எஸ். 29 தீவனச் சோள விதை, கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் கரணை, வேலிமசால் விதை ஆகியவற்றைப் பத்து சென்ட் அளவிலும் கேட்பவருக்கு வழங்க வேண்டும். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று குறைந்தபட்ச அளவை விதித்தால் மிகச் சிறிய உழவர் வாசலிலேயே தடுக்கப்படுகிறார்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவமும் நெல்லையே நாடும் போக்கிலிருந்து, நீர் குறைந்த பருவத்திலேனும் கேழ்வரகுக்குத் திரும்ப உழவர்கள் ஆயத்தமாக உள்ளனர். நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்துள்ள அத்தானியத்தின் தாளையும் மாடு விரும்பித் தின்னும். எட்டு வரிசைக் கேழ்வரகுக்கு இரண்டு வரிசைத் துவரையோ, இடையிடையே மொச்சையோ தட்டைப்பயறோ ஊடுபயிராக இட்டால், பருப்பும் தழையும் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்ந்து கிடைக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்தின் இரகங்களையும், எல்லைக்கு அப்பால் திருப்பதியை ஒட்டிய பெருமாள்ளபள்ளி ஆராய்ச்சி நிலையத்தின் இரகங்களையும் உழவர் வயல்களிலேயே அருகருகே விதைத்து, மணியோடு தாளின் எடையையும் மாடு தின்னும் அளவையும் சேர்த்து மதிப்பிடும் திடல்களைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையம் அமைக்க வேண்டும். இதுவரை இரகத் தேர்வில் மணியின் எடை மட்டுமே பேசப்பட்டுவருவதால், குட்டைத் தாள் இரகங்களை மாடு வைத்திருப்பவர் ஏற்க மறுக்கும் காரணம் அதிகாரிகளுக்கு விளங்காமலே இருக்கிறது.

விளைந்ததை வாங்க ஆள் இல்லாவிட்டால் மேற்கண்ட யாவும் வீண். 2025-26ஆம் ஆண்டுக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,369 ரூபாய் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. நெல்லின் விலையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட அந்த விலை, கொள்முதல் நிலையம் அருகில் இருந்தால்தான் உழவரின் கைக்கு வரும். இல்லையெனில் களத்திலேயே வியாபாரி சொல்வதுதான் விலை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டதைப் போலவும், ஒடிசா அரசு 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தின் வழியாகக் கேழ்வரகைக் கொள்முதல் செய்ததைப் போலவும், திருவள்ளூர் மாவட்டத்திலும் கொள்முதலையும் நியாயவிலைக் கடை வழங்கலையும் இணைத்துத் தொடங்க வேண்டும். சாலையில் தாளைப் பரப்பி வாகனங்கள் ஏறிப் போரடிக்கும் நிலை ஒழிய, ஒன்றியத்துக்கு ஒரு கதிரடிக்கும் இயந்திரமும் கல் நீக்கும் இயந்திரமும் வாடகைக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும்.

மேய்க்கால் புறம்போக்கு நிலங்களின் நிலை உடனடிக் கவனத்துக்குரியது. 2011 சனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு மீட்டுத் தருமாறு எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. இவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ள மேய்க்கால் நிலங்களை அளந்து, எல்லைக்கல் நட்டு, சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றி, கொழுக்கட்டைப் புல்லும் வேலிமசாலும் விதைத்து, ஊராட்சியும் கால்நடை வளர்ப்போரும் சேர்ந்து முறைவைத்து மேய்க்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அந்நிலங்களை வேறு பயனுக்கு வகைமாற்றம் செய்யும் எந்தக் கோப்பும் கிராமசபையின் ஒப்புதலின்றி நகரக் கூடாது.

நோய்த்தடுப்பில் மாநில எல்லை ஒரு தடையாகக் கூடாது. 2019இல் தொடங்கப்பட்ட தேசிய விலங்குநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி கோமாரிக்கு ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. ஆனால் மந்தைகள் சித்தூர்ப் பக்கமும் திருத்தணிப் பக்கமும் மாறி மாறி மேய்வதால், ஒரு பக்கம் மட்டும் ஊசி போடுவதால் பயன் குறைவு. 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இவ்வளவு அருகில் இருக்கும்போது, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி ஆகிய நோய்களுக்கான மருந்தை மழைக்கு முன்பே இரு மாநிலத் துறைகளும் ஒரே வாரத்தில் போட்டு முடிக்க ஏற்பாடு செய்வது கடினமன்று.

இறுதியாக, பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து ஒரு வேண்டுகோள். களை எடுப்பதும், சாணம் அள்ளுவதும், ஆட்டை ஓட்டிப் போவதும் பெரும்பாலும் பெண்களே. பட்டாவோ அவர்களின் பெயரில் இல்லை. வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிடுவோர் நிலையும் அதுவே. சிட்டா, அடங்கல் இல்லை என்ற ஒரே காரணத்தால் மேற்கண்ட உதவிகள் அவர்களுக்கு மறுக்கப்படாமல், கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை உதவி மருத்துவரும் நேரில் பார்த்து அளிக்கும் சான்றையே போதுமானதாகக் கொள்ள வேண்டும். கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்ட உழவர் கடன் அட்டையில் 2025 சனவரி முதல் பிணையற்ற கடன் வரம்பு இரண்டு இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருப்பதால், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இப்பிரிவினரின் விண்ணப்பங்களையும் தயக்கமின்றிப் பெற்றுக்கொள்ளுமாறு அறிவுறுத்த வேண்டும்.

இவற்றைப் பிரித்துப் பிரித்துத் துறைகளுக்கு அனுப்பினால் பழைய நிலையே தொடரும் என்பதால், வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, ஊரக வளர்ச்சி, வருவாய் ஆகிய நான்கு துறை அலுவலர்களும் உழவர் பிரதிநிதிகளும் அடங்கிய குழு ஒன்றைத் திருவாலங்காடு ஒன்றிய அளவில் அமைத்து, அடுத்த மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு முன் அதன் முதல் கூட்டத்தை மணவூரிலேயே நடத்தி, உரக்குழிப் பணிக்கான பயனாளிகள் பட்டியலையும் மேய்க்கால் நில அளவைக்கான தேதியையும் அக்கூட்டத்தில் அறிவிக்குமாறு இச்சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மணவூர்.