கல்வியைக் கற்போர் கடமை

நான் கல்வியியல் முதுகலை வகுப்பில் பயில்கிறேன் என்று சொன்னால், பெரும்பாலோர் "ஓகோ, வாத்தியார் வேலைக்கா?" என்று கேட்கிறார்கள். ஆசிரியர் வேலை தாழ்ந்ததன்று. ஆயினும் அக்கேள்வியில் ஒரு தவறான எண்ணம் அடங்கியிருக்கிறது. பாடம் நடத்தும் முறையைக் கற்பது வேறு. கல்வி எதற்காக, யாருக்காக, எவ்வாறு நடைபெறுகிறது என்று ஆராய்வது வேறு. முன்னது பயிற்சி, பின்னது வரலாறு, பொருளியல் போன்ற ஓர் ஆராய்ச்சித் துறை.

இவ்வேற்றுமை நான் புதிதாகக் கண்டதன்று. டாக்டர் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழு, கல்வியியலைத் தனித் துறையாக ஏற்று, இளங்கலை, முதுகலைப் படிப்புகளில் விருப்பப் பாடமாக வைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆசிரியப் பயிற்சி பல்கலைக் கழக வாழ்விலிருந்து ஒதுங்கி நிற்பதையும் குறையெனக் கூறிற்று. இன்று பட்டங்களிலேயே இரு வழிகள் தெரிகின்றன. எம்.எட். வகுப்பில் சேர ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். எம்.ஏ. கல்வியியலுக்குப் பெரும்பாலான இடங்களில் ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

இவ்விரு வழிகளும் வளரட்டும். ஆனால், நோக்கத்தை ஆராய்வோர் ஒரு புறம், வகுப்பறையில் நிற்போர் மறுபுறம் என்று பிரிந்துபோனால் கல்விக்கு என்ன நேரும்? நம் நாட்டு வரலாறே விடை சொல்கிறது.

1937-இல் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. ஏழாண்டுக் கல்வி இலவசமாகவும் தாய்மொழியிலும் அமையவேண்டும். கைத்தொழில் வழியே பிற அறிவு வளரவேண்டும் என்பது அதன் கருத்து. தக்ளி சுற்றும் சிறுவன், நூலின் நீளத்தை அளக்கும்போது கணக்கைக் கற்கிறான். பருத்தி விளையும் மண்ணைப் பற்றிக் கேட்கும்போது பூகோளத்தைக் கற்கிறான். எத்துணை உயர்ந்த எண்ணம்! ஆனால் பல பள்ளிகளில் நடந்தது என்ன? தக்ளிக்கு ஒரு மணி, கணக்குக்கு வேறொரு மணி. இரண்டையும் இணைக்கும் வகையை ஆசிரியருக்குச் செவ்வனே கற்பித்தாரில்லை. நாளடைவில் தக்ளி நின்றது. நெட்டுருப் போடுவது மட்டும் நிலைத்தது.

அது பழங்கதை என்பீர்களா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். குழந்தையின் அறிவைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிடவேண்டும் என்றது அச்சட்டம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என்றும் விதித்தது. தேர்வு அச்சம் நீங்கவேண்டும் என்பது நோக்கம். நடைமுறையிலோ, பல பள்ளிகளில் மதிப்பீடு என்பது பதிவேடு நிரப்பும் வேலையாயிற்று. 2017-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அம்முறையைக் கைவிட்டது. 2019-இல் சட்டமே திருத்தப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாதவரை நிறுத்திவைக்க அரசுகளுக்கு இடம் கிடைத்தது. திட்டம் தோற்றதன் சுமை யார் தலையில் விழுந்தது? பத்து வயதுக் குழந்தையின் தலையில்!

"சிந்திப்பது ஆராய்ச்சியாளர் பணி, செய்வது ஆசிரியர் பணி" என்று நண்பர் சிலர் வாதிடுகின்றனர். சமையற்கட்டையே பாராதவன் எழுதிய சமையற் குறிப்பை எவரேனும் நம்புவரோ? வகுப்பறையை அறியாத சிந்தனையும் அத்தகையதே. அதுபோலவே, ஏன் செய்கிறோம் என்று கேளாத உழைப்பும் செக்கு மாட்டின் நடையாகும்.

ஆகவே இரண்டு மாறுதல்களை வேண்டுகிறேன். ஒன்று: கல்வியியல் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவம் முழுவதும் ஒரே பள்ளியில் இருந்து, ஆசிரியரோடு சேர்ந்து பணியாற்றவேண்டும். இரண்டு நாள் பார்வையிட்டுக் குறிப்பெடுத்து வருவது போதாது. மற்றொன்று: எழுதும் ஆராய்ச்சியுரையின் சாரத்தை, அப்பள்ளி ஆசிரியர்கள் பேசும் மொழியில் எழுதி, அவர்கள் முன் படித்துக் காட்டவேண்டும். அவர்கள் எழுப்பும் மறுப்பும் உரையில் இடம்பெற வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி, அட்டை கட்டி, நூலகத்தில் அடுக்கப்படும் ஆராய்ச்சியால் எந்தக் குழந்தைக்கு என்ன பயன்?

தலைநகரில் பயிலும் தமிழ் மாணவராகிய நமக்கு வேலை அருகிலேயே இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இங்கே பள்ளிகளை நடத்துகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று மும்மொழிக்கு நடுவே வளரும் ஒரு குழந்தை எதை, எந்த மொழியில் எண்ணுகிறது? தாய்மொழி அதற்குத் துணையா, மற்றுமொரு பாடச் சுமையா? இதை ஆராய நம்மைவிடத் தகுந்தவர் யார்? கல்வியியல் பயிலும் தோழர்கள் இவ்வாண்டே இப்பணியைத் தொடங்குவார்களாக. நம் சங்கம் அவர்களுக்குத் துணை நிற்பதாக!