ஹைதராபாத் மல்யுத்தத்துக்கு நான் போட்ட மார்க்



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. இந்தியாவில் நடந்த டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சிகளில் 2023-இல் ஹைதராபாத்தில் நடந்த 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டக்கிள்'தான் சிறந்தது என்று 1998 பேட்ச் பிள்ளைகள் ஒரு பக்கம். "எல்லாம் செட்டப், அதற்கு ஒரு விவாதமா?" என்று என் அக்கா மகன் மறுபக்கம். கடைசியில் "சார் தீர்ப்பு சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ரிட்டயர் ஆன பிறகும் மார்க் போடும் கை சும்மா இருப்பதில்லை. சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் செட்டப் விஷயம். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மைதான். ஆனால் கீழே மேச்சேரி, ஓமலூர்ப் பக்கம் 'பதினெட்டாம் போர்' கூத்துக்குப் போர்வையோடு வந்து உட்காரும் பாட்டிக்கு, விடிவதற்குள் துரியோதனன் சாகப்போவது தெரியாதா? தெரிந்துதான் விடிய விடியப் பார்க்கிறாள். எப்படிச் சாகிறான், அதற்கு முன் எப்படி நிற்கிறான் என்பதுதான் அவளுக்கு வேண்டும். மல்யுத்த மேடையும் அப்படித்தான். முடிவு எழுதப்பட்டது; விழுவது நிஜம். 1998-இல் மிக் ஃபோலி கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசைமேல் விழுந்தது நிஜம். 1999-இல் கன்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் மேலேயிருந்து விழுந்து இறந்துபோனதும் நிஜம். ஆகவே இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்காமல், கூத்துக்கு மார்க் போடுவதுபோல் போடுகிறேன்.

2023 செப்டம்பர் 8. கச்சிபௌலியில் பாலயோகி உள்விளையாட்டரங்கம். 2017 டிசம்பருக்குப் பிறகு அந்தக் கம்பெனி இந்தியா வந்தது அன்றுதான். முக்கியமான நான்கு மோதல்களுக்கு மட்டும் மார்க்.

ஜான் சீனாவும் செத் ரோலின்ஸும் சேர்ந்து லுட்விக் கைசர், ஜியோவானி வின்சி ஜோடியை வென்ற கடைசி மோதல்: பத்துக்கு எட்டு. மல்யுத்தமாகப் பார்த்தால் ஆறுதான். மீதி இரண்டும் ரசிகர்களுக்கு. சீனா இந்தியாவில் சண்டை போட்டது அதுவே முதல் முறை. டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய காலத்திலிருந்து காத்திருந்த கூட்டம் அது. அந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து வரவழைக்க முடியாது.

ரியா ரிப்ளி - நடால்யா: ஏழு. இந்த நடால்யா, மேலே சொன்ன ஓவன் ஹார்ட்டின் அக்கா மகள். பரம்பரைத் தொழில். ரிப்ளிதான் ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். தோற்கிறவர் கைவேலை தெரிந்தவராக இருந்தால் ஜெயிப்பவர் எவ்வளவு பெரிதாகத் தெரிவார் என்பதற்கு அது பாடம்.

சாமி ஜெயின், கெவின் ஓவன்ஸ் ஜோடி நம் 'இண்டஸ் ஷேர்' ஜோடியை வென்றது: ஐந்து.

குந்தர், நம் ஏழடி ஷாங்கியை வென்றது: மூன்று.

கோபம் வேண்டாம். இந்த மூன்று மார்க் ஷாங்கிக்கு அல்ல, கதை எழுதியவர்களுக்கு. விடை எழுதிய பையனைவிடக் கேள்வித்தாள் எடுத்தவர்மேல்தான் எனக்கு வருத்தம்.

நம் ஆட்கள் தோற்றதும் என் குறை அல்ல. அந்த வாரத்தில்தான் குந்தர், ஹாங்கி டாங்க் மேனின் 454 நாள் சாதனையைத் தாண்டியிருந்தார். அப்படிப்பட்ட சாம்பியனிடம் தோற்பது கௌரவம். ஆனால் தோற்கிறவன் யார் என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? கூத்தில் துரியோதனன் சாகும் முன்பு அவனுக்குத் திரை பிடித்து, பாட்டுப் பாடி, ராஜாவாக வரவேற்கிறோம். பிறகுதான் சாகடிக்கிறோம். ஷாங்கிக்கு யாரும் திரை பிடிக்கவில்லை. வந்தார், அடிவாங்கினார், போனார்.

சொல்லக் கதை இல்லாமலும் இல்லை. இண்டஸ் ஷேரில் ஒருவர் வீர். இயற்பெயர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பிள்ளை. 2008-இல் ஒரு டிவி போட்டியில் வென்று அமெரிக்காவில் பேஸ்பால் ஆடப் போனவர். அந்தக் கதையை டிஸ்னி 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாகவே எடுத்தது. இசை நம் ரஹ்மான். இன்னொருவர் சாங்கா, அதாவது சௌரவ் குர்ஜார். விஜய் டிவியில் தமிழில் ஓடிய மகாபாரதத்தில் கதாயுதத்தோடு வந்த பீமன் அவர்தான்! நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்த முகம். பீமனையே கையில் வைத்துக்கொண்டு கதை இல்லாமல் ஒரு சண்டை நடத்துவதற்குத் தனித்திறமை வேண்டும்.

பழைய கணக்கையும் பாருங்கள். 2017 நவம்பரில் ஜிந்தர் மஹால் மான்செஸ்டரில் பட்டத்தை இழந்தார். ஒரு மாதம் கழித்து டெல்லிக்கு வெறுங்கையோடு வந்து டிரிப்பிள் எச்சிடம் தோற்றார். முடிவில் இருவரும் பாங்க்ரா ஆடினார்கள். 2021 குடியரசு தினத்தன்று ஒளிபரப்பான முதல் 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டக்கிள்' நிகழ்ச்சியில் நம் ஆட்கள் பலர் ஜெயித்தார்கள். ஆனால் அது கொரோனா காலத்தில் ஃபுளோரிடாவில் ஆளில்லாத அரங்கில் எடுத்தது. அதில்தான் நம் பையன் குரு ராஜ், ஃபின் பேலரோடு மோதினார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். தோற்றார், அதனால் என்ன. ஆக, அரங்கம் காலியாக இருந்தபோது நம்மவர்கள் ஜெயித்தார்கள், அரங்கம் நிறைந்தபோது தோற்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. ஹைதராபாத் முடிந்து பதின்மூன்றாம் நாள், செப்டம்பர் 21 அன்று, ஷாங்கியை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2024 ஏப்ரலில் வீர், சாங்கா, ஜிந்தர் மஹால் மூவரையும் நீக்கினார்கள். கம்பெனி என்றால் ஆள் எடுப்பதும் விடுவதும் உண்டுதான். ஆனால் டிக்கெட் விற்க நம் ஊர் முகம் வேண்டும், கதை எழுதும்போது அந்த முகம் வேண்டாம் என்றால், அது உறவு அல்ல, கல்யாண மண்டபத்துக்குப் பூ வாங்குகிற மாதிரி. மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.

ஆகவே என் தீர்ப்பு. நான்கு மோதலுக்கும் சேர்த்து நாற்பதுக்கு இருபத்து மூன்று. பாஸ். முதல் வகுப்பு இல்லை. அரங்கில் இருந்தவர்களுக்கு அது வாழ்நாள் இரவு. 1998 பேட்ச் சொல்வதை அந்த அளவில் ஏற்கிறேன்.

இவ்வளவு நான் எழுதக் காரணம் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. என் பழைய மாணவர் ஒருவரின் மகன் சேலத்தில் ஜிம்முக்குப் போகிறான். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல பையன். "தாத்தா, நானும் டபிள்யூ.டபிள்யூ.இ. போகலாமா?" என்று கேட்டான். அவன் அப்பா, "நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க சார்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019-இல் மும்பையில் ஆள் தேர்வே நடத்தினார்கள்; ஜலந்தரில் காலி நடத்தும் பயிற்சிப் பள்ளியிலிருந்துதான் ஷாங்கி போனார். வழி இருக்கிறது. ஆனால் மூன்று விஷயம் சொன்னேன். டிகிரியை முடித்துவிட்டுப் போ. விழக் கற்றுக்கொள்ளாமல் யாரையும் தூக்காதே, மெத்தையிலும் தம்பிமேலும் பழகாதே. மூன்றாவது, உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே, பேசவும் கற்றுக்கொண்டு போ. மைக்கைப் பிடித்து உன் ஊரையும் உன் கதையையும் நீயே சொல்லத் தெரிந்தால், உன்னைச் சும்மா அடிவாங்க மட்டும் அனுப்புவது அவர்களுக்குக் கஷ்டம்.

பையன் இப்போது கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறானாம். அவன் அப்பாவுக்கு என்மேல் கொஞ்சம் கோபம்தான்.

1998 பேட்ச், மறுகூட்டல் வேண்டுமென்றால் காரணத்தோடு கீழே எழுதுங்கள். அக்கா மகனே, நீயும்தான்.

அன்புடன்,
உங்கள் தமிழ் சார்