மாதர் உலகம்: சகோதர சங்கத்தில் சகோதரிகள்

அமெரிக்க விவசாயக் குடும்பங்களுக்காக ஒலிவர் கெல்லியும் நண்பர்களும் 1867இல் ஆரம்பித்த சகோதர சங்கம் ‘கிரேஞ்ச்’. பெண்களையும் சம அங்கத்தவராகச் சேர்க்கும்படி வற்புறுத்தியவர் கெல்லியின் உறவுப் பெண் கரோலின் ஹோல்.

கிளையொன்று அமைய ஆண்கள் ஒன்பது பேரோடு பெண்கள் நால்வரும் வேண்டும் என விதி வந்தது. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1920இல்! அதற்கு அரை நூற்றாண்டு முன்பே சங்கத்தில் வாக்கும் பதவியும் பெற்றுவிட்டார்கள்.

கெல்லிக்குச் செயலாளராக இருந்து கடிதங்களை எழுதிக் குவித்தவரும் கரோலின்தான். ஆனால் ஸ்தாபகர்களுக்குச் சமமானவரென அவரை ஏற்றது 1892இல். இவ்வளவு தாமதமா?

இன்று மண்டபங்கள் பல மூடிவிட்டன. இயங்கும் கிளைகள் சில, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகராதி அன்பளிப்புச் செய்கின்றன.