கையெழுத்தில் மட்டும் சகோதரத்துவமா?

சென்ற மாதம் பிளவக்கல் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து வத்திராயிருப்பு பஸ்ஸுக்காக டீக்கடையில் காத்திருந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏந்தம்பி, மெட்ராஸுக்கு ரஷ்யாவிலே, அமெரிக்காவிலே எல்லாம் சகோதர ஊர் இருக்காமே? உடன்பிறந்தான்னா நல்லது கெட்டதுக்கு வரணும், சீர் செனத்தி செய்யணும். அங்கேயிருந்து என்ன வந்தது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியையே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

பெரியவர் கேள்விப்பட்டது உண்மை. சென்னை நகரம் 1966-ல் சோவியத் நாட்டின் வோல்கோகிராடுடன் சகோதர உறவு பூண்டது. 1984-ல் அமெரிக்காவின் டென்வர், 2008-ல் சான் அன்டோனியோ, 2015-ல் சீனாவின் சோங்சிங் என்று பட்டியல் வளர்ந்தது. பட்டியலுக்குக் குறைவில்லை. உறவு எங்கே?

இந்த வழக்கம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1940 நவம்பர் 14 இரவு ஹிட்லரின் விமானங்கள் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரைக் குண்டு வீசி எரித்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாஜிகள் வோல்கா நதிக்கரையில் ஸ்டாலின்கிராடைச் சூழ்ந்தார்கள். 1942 ஜூலை முதல் 1943 பிப்ரவரி 2 வரை, இருநூறு நாள் யுத்தம். வீட்டுக்கு வீடு சண்டை. நகரம் சாம்பலாயிற்று, ஆனால் பணியவில்லை.

வீடிழந்த துயரம் காவென்ட்ரி ஜனங்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பெண்கள் 830 பேர் தங்கள் பெயர்களை ஒரு மேஜை விரிப்பில் நூலால் தைத்தார்கள். தலைக்கு ஆறு பென்ஸ் போட்டுப் பணமும் சேர்த்தார்கள். பெரிய அனுதாபத்தைவிடச் சிறிய உதவி மேல் என்று அந்தத் துணியிலேயே தைத்து ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944-ல் இரு நகரங்களும் சகோதர நகரங்களாயின. அந்த ஸ்டாலின்கிராடுக்குத்தான் 1961-ல் வோல்கோகிராட் என்று பெயர் மாறியது. சென்னை கை கோத்தது சாதாரண ஊரோடு அல்ல!

காவென்ட்ரி அதோடு நிற்கவில்லை. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் எரித்த ஜெர்மன் நகரம் டிரெஸ்டன். அதையும் பின்னாளில் சகோதர நகரமாக ஏற்றுக்கொண்டது. எதிரி நாட்டு ஊராயிற்றே என்று ஒதுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980-களில் நிகரகுவா நாட்டு மக்கள் ஆட்சியைக் கவிழ்க்க ரீகன் சர்க்கார் கூலிப் படைகளுக்கு ஆயுதம் கொடுத்தது. அப்போது அமெரிக்காவிலேயே பர்லிங்டன் நகரசபை 1984-ல் நிகரகுவாவின் புவெர்ட்டோ கபேசாஸ் நகரத்தைச் சகோதர நகரமாக அறிவித்தது. சர்க்கார் பகை என்று சொன்ன இடத்தில் ஜனங்கள் உறவு என்று சொன்னார்கள். சர்வதேச சகோதரத்துவம் என்றால் இதுதான்.

நம் ஊரில் நடப்பது என்ன? ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும், மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். பிறகு ஃபைல் அலமாரிக்குப் போய்விடும். பெரம்பூர் தொழிலாளிக்கு வோல்கோகிராட் தொழிலாளியைத் தெரியுமா? ராயபுரத்துப் பள்ளிச் சிறுமி டென்வர் சிறுமிக்கு ஒரு கடிதம் எழுதியதுண்டா?

"இதனால் அந்நிய முதலீடு வரும், வேலை கிடைக்கும்" என்று சிலர் சொல்வார்கள். வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதலாளிக்கு வழி காட்ட வர்த்தக சபைகள் இருக்கின்றன, தூதரகங்கள் இருக்கின்றன. அதற்குச் சகோதரன் என்ற பெயர் எதற்கு? வியாபாரத்தை வியாபாரம் என்றே சொல்லுங்கள்.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியைப் பாருங்கள். அங்கே விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி கடல் கடந்து போகிறது. எந்த தேசத்திலோ ஒருவன் காயத்தைக் கட்டுவது நம் தறித் தொழிலாளியின் உழைப்பு. உலகத்தோடு இவனுக்கு உறவு ஏற்கெனவே இருக்கிறது! ஆனால் அந்த உறவில் வியாபாரியின் பில் மட்டுமே பேசுகிறது. நெய்தவன் கூலி உயர்வுக்குத் தறியை நிறுத்திப் போராடினால், அந்தக் கட்டைச் சுற்றிக்கொண்டவனுக்குச் சேதி போவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சகோதர நகர ஒப்பந்தம் எதுவானாலும் அதை ஜனங்களிடம் பகிரங்கமாக வைக்க வேண்டும். போய்வரும் கோஷ்டியில் மேயரும் அதிகாரியும் மட்டும் போதாது; தொழிற்சங்கத்தார், ஆசிரியர், மாதர், மாணவர் இடம்பெற வேண்டும். போய்வந்து என்ன செய்தார்கள் என்று வருஷத்துக்கு ஒரு முறை கணக்குச் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு மட்டும்தான் இந்தப் பாக்கியமா? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தறி ஓடும் ஓர் அயல்நாட்டு ஊரைத் தேடட்டும். மத்திய சர்க்காரின் சம்மதம் வேண்டும்தான். நகரசபை தீர்மானம் போட்டுக் கேட்கட்டும். பஞ்சுத் தூசியிலிருந்து நெஞ்சை எப்படிக் காக்கிறார்கள், கூலியை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்று தொழிலாளி தொழிலாளியிடம் கேட்கட்டும். பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிறவன், தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் வேறு நாட்டு விவசாயியிடம் கேட்கவும் சொல்லவும் எத்தனையோ உண்டு.

அந்தப் பெரியவர் கேட்டது தங்கச் சீர் அல்ல. நல்லது கெட்டதுக்கு ஆள் வருமா என்றுதான் கேட்டார். காவென்ட்ரிப் பெண்கள் ஆறு பென்ஸில் அதற்குப் பதில் சொன்னார்கள். நம் நகரசபைகள் என்ன பதில் சொல்லப்போகின்றன?