ராத்திரிக் கடலில் இருவர்

கோவளத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் கரையில் கிடக்கும் கட்டுமரத்தை ஆசையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரைக் கேட்டதும் சிலருக்குக் குழப்பம். அவர்கள் ஊரில் 'கட்டமரான்' என்றால் வேறு சரக்கு. இரண்டு ஒல்லிப் படகுகளை ஒரு தளத்தால் இணைத்து, மேலே பாய்மரமும் உள்ளே படுக்கையும் அடுப்பும் ஃபிரிட்ஜும் வைத்த சொகுசு வாகனம். விலை, ஒரு பங்களாவுக்கு ஆகும். வேலையை உதறிவிட்டு அதில் ஏறி, கரீபியனிலும் பசிபிக்கிலும் தீவு தீவாகப் போய்க்கொண்டிருக்கும் தம்பதிகள் நிறைய உண்டு.

தீவுக்குத் தீவு எண்பது, நூறு கடல் மைல் என்றால் அந்தத் தம்பதிகள் இரவில்தான் கடக்கிறார்கள். ரசனைக்காக அல்ல. வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள். சூரியன் நன்றாக மேலே ஏறிய பிறகுதான் தண்ணீருக்குள் அவை கண்ணுக்குத் தெரியும். அதனால் மாலையில் புறப்பட்டு, நல்ல வெளிச்சத்தில் போய்ச் சேரவேண்டும். மூன்று மணி நேரம் அவர், மூன்று மணி நேரம் அவள் என்று முறை போட்டுக் காவல். ஒருவர் கீழே தூங்கும்போது அந்த உயிர் மேலே இருப்பவர் கையில். பேச்சுவார்த்தை இல்லாத தம்பதிகள் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

பெயர் மட்டும் நம்முடையது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697-ல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். சொல் கப்பலேறியது. 1876-ல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரஷாஃப் கட்டிய இரட்டை உடல் படகு நியூயார்க் போட்டியில் எல்லோரையும் முந்தியது. மற்றவர்கள் ஆட்சேபிக்க, அதைத் தகுதியிழக்கச் செய்தார்கள். படகு போனாலும் அந்த ரகத்துக்கு 'கட்டமரான்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அந்த வடிவம் பாலினேசியர்களுடையது. தாய் ஒருத்தி, பெயர் வைத்தது இன்னொருத்தி என்ற கதைதான்.

அந்தத் தாயைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர். 1950களில், 23 அடிக்குச் சற்றே நீளமான இரட்டைப் படகில், இரண்டு ஜெர்மன் பெண்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தார். 2008-ல், எண்பது வயதில், துணைவி ஹன்னேக்கே பூனுடன் பிலிப்பைன்ஸில் கிளம்பி, பசிபிக்கின் டிக்கோபியா, அனுட்டா என்ற குட்டித் தீவுகளுக்கு இரண்டு படகுகளை ஓட்டிப்போய், அவற்றைத் தீவுவாசிகளுக்கே கொடுத்துவிட்டார். 2021-ல் அவர் காலமானார்.

இனி அசல் கட்டுமரம். திருவனந்தபுரத்தின் தென்கரையிலும் அதை ஒட்டிய கன்னியாகுமரி கரையிலும் தலைமுறை தலைமுறையாக இரண்டு மூன்று பேர் ஏறிப் போன வாகனம் இது. இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். கரை வந்ததும் அவிழ்த்துக் காயவைத்தால் வெறும் மரம். உள், வெளி என்று எதுவும் கிடையாது. அலை மேலேறி இடுக்கு வழியே இறங்கிவிடும். அதனால் அது மூழ்காது. அதனாலேயே கட்டிவைக்காத எதுவும் அதில் மிஞ்சாது, ஆள் உட்பட. பின்னிரவில் கரையிலிருந்து வீசும் காற்று பாயை வெளியே தள்ளும். பகலில் தரை சூடேறியதும் கடல்காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

கடலடிப் பாறைகளான 'பாரு'களில்தான் மீன். அவற்றைக் கண்டுபிடிக்கும் வித்தைக்குக் கணிச்சம் என்று பெயர். கரையோரத்து மாதாகோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் தூரத்து மலைமுகடும் ஒரே கோட்டில் வரவேண்டும். வேறொரு திசையில் இன்னொரு ஜோடி அதேபோல் ஒத்துவரவேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரம். இரவென்றால் விளக்குகள், மேலே ஆறாமீன், விடிவெள்ளி. மரத்துக்கு அடியில் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற நிதானம். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இந்தக் கடற்சொற்களில் பல அந்த எல்லையை இன்னும் கவனிக்கவில்லை.

இங்கே கட்டுமரத்தில் தம்பதி சேர்ந்து போவதில்லை. கணவன் கடலில், மனைவி கரையிலும் சந்தையிலும். கரையிலிருப்பவளின் கற்பே கடலில் இருப்பவனைக் காக்கிறது என்ற நம்பிக்கையைத் தகழி 'செம்மீன்' ஆக்கினார். சுந்தர ராமசாமி தமிழுக்குத் தந்தார். முழுப் பொறுப்பையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவைக்கிற வசதியான நம்பிக்கை. காற்றுக்கு அது தெரியாது என்பதை ஒக்கி காட்டியது.

2017 நவம்பர் 29 அன்று வழக்கம்போல் கடலுக்குப் போனவர்கள் பலர். 'புயல்' என்ற எச்சரிக்கை வந்தபோது 30-ம் தேதி நடுப்பகலாகிவிட்டது. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் பெண்கள் நாள்கணக்கில் கரையில் நின்றார்கள். யார் வீட்டில் யார் திரும்பவில்லை என்ற கணக்கு அரசாங்கத்துக்கு முன்னால் அவர்களிடம் இருந்தது. சிலர் லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கி உயிரோடு வந்தார்கள். பலர் வரவேயில்லை. பெரிய கடற்பரப்புக்குப் பொதுவாகச் சொல்லும் முன்னறிவிப்பு ஒரு சின்னப் படகுக்குப் போதாது என்று, பிறகு சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்குள்ள மீனவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். முன்பே செய்திருக்கவேண்டிய வேலை.

இருவர் மட்டும் கடலில் என்றால் என்ன என்பதை இந்தியா அண்மையில் கொண்டாடியும் பார்த்தது. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய கடற்படை அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் புறப்பட்டு, நான்கே இடங்களில் நின்று, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29-ல் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். பயிற்சி தந்தவர், 2018-ல் இந்தியப் பெருங்கடலில் முதுகெலும்பு நொறுங்கிக் கிடந்து மீண்ட அபிலாஷ் டோமி. அவர்களுக்குச் செயற்கைக்கோள் தொடர்பு இருந்தது, வரவேற்க அமைச்சர் இருந்தார். பாராட்டு நியாயமானதே.

அதே மே மாதம் விழிஞ்ஞத்தில் வேறு விஷயங்கள் நடந்தன. 2-ம் தேதி புதிய துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2022-ல் மாதக்கணக்கில் மீனவர்கள் எதிர்த்துப் போராடிய துறைமுகம். 25-ம் தேதி, அங்கிருந்து கொச்சிக்குக் கிளம்பிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பல் வழியில் மூழ்கியது. கண்டெய்னர்கள் மிதந்தன, பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரைகளில் மூட்டை மூட்டையாக அள்ளப்பட்டன. பாதி முங்கி மிதக்கும் கண்டெய்னர் இரவில் தெரியாது. அரையடி உயரத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவனுக்கு நிச்சயமாகத் தெரியாது.

கட்டுமரங்கள் குறைந்துவிட்டன. 1980களில் பிளைவுட் படகு வந்தது. அதோடு வெளிப்பொருத்து எஞ்சின், பின்னர் ஜி.பி.எஸ். கணிச்சம் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. பாருகளின் பெயர்களை அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலையை உள்ளூர் ஆர்வலர்கள் சிலர் செய்துவருகிறார்கள். எஞ்சின் மீனவனுக்கு மண்ணெண்ணெய் விலையைப் பார்க்கவேண்டியிருக்கிறது. கட்டுமரக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. மாலையில் இரண்டு பேர் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள், அலை தணியும் நேரம் பார்த்துத் தள்ளுகிறார்கள்.